பழைய ஏர் போதுமா, புதிய ஏர் வேண்டுமா?

திருச்சியில் ஒரு வீடு. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா மாதாமாதம் சீட்டுக் கட்டி, போன மாதம்தான் ஒரு லட்சம் ரூபாய் எடுத்தார். மகள் வேலைக்குப் போகிறாள். மகனுக்கு இந்த ஆண்டு கல்லூரி, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்திருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவுவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"அக்காவோட லேப்டாப் சும்மாதானே கிடக்கு? அவளுக்கு ஆபீஸ்ல வேற குடுத்துட்டாங்க. அதை நீ வச்சுக்கோயேன்" என்கிறார் அப்பா.

"அது 2021ல வாங்கினதுப்பா. இப்ப புது மாடல் வந்துருச்சு."

"நல்லாத்தானே ஓடுது?"

"அக்காவோட சைக்கிள், அக்காவோட கால்குலேட்டர், அக்காவோட மேசை. இப்ப லேப்டாப்பும் அக்காவோடதுதானா?"

அதற்குமேல் யாரும் பேசவில்லை. அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த வீடு ஓர் உதாரணம்தான். ஆனால் கல்லூரி சேர்க்கை நேரத்தில் இதே பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. லேப்டாப்பின் பெயர் மட்டும் மாறும். இந்த வீட்டில் அக்காவிடம் இருப்பது ஆப்பிளின் மேக்புக் ஏர் எம்1. தம்பி கேட்பது 2025 மார்ச்சில் வந்த மேக்புக் ஏர் எம்4. இரண்டுக்கும் இடையே நான்கு ஆண்டுக்கு மேல் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

உறைக்குள்ளிருந்து வந்த லேப்டாப்

'ஏர்' என்ற பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு சாதாரணக் காகித உறையைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு லேப்டாப்பை உருவி எடுத்தார். அதுதான் முதல் மேக்புக் ஏர். எடை 1.36 கிலோ. அந்தக் காலத்தில் பெரும்பாலான லேப்டாப்கள் இரண்டு கிலோவுக்கு மேல் இருந்ததால் கூட்டம் கைதட்டியது.

ஆனால் அந்த மெலிவுக்காக விட்டுக்கொடுத்தது அதிகம். சிடி போடும் இடம் இல்லை. ஒரே ஒரு யூஎஸ்பி துளை. 80 ஜிபி வட்டு. விலையோ 1,799 டாலர். 2010ல் வடிவத்தை மாற்றி, 999 டாலரிலிருந்து விற்க ஆரம்பித்த பிறகுதான் அது பலர் கைக்குப் போனது. மற்ற நிறுவனங்களும் மெல்லிய லேப்டாப்களைக் கொண்டுவந்தன.

இருந்தும் ஒரு குறை நீடித்தது. மெல்லிய உடம்புக்குள் இன்டெல் சிப் சூடாகும்; ஃபேன் இரையும்; பேட்டரி சீக்கிரம் இறங்கும். 2020 நவம்பரில் ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 சிப்பைப் போட்டபோதுதான் இந்தக் குறை தீர்ந்தது. ஃபேனையே எடுத்துவிட்டார்கள். சத்தமில்லை, வேகம் கூடியது, பேட்டரியும் நாள் முழுக்க நின்றது. இந்தியாவில் அன்றைய ஆரம்ப விலை 92,900 ரூபாய். பின்னால் பண்டிகைத் தள்ளுபடிகளில் 60,000 ரூபாய்க்கும் கீழே விற்றது. அதனால்தான் இன்று பல வீடுகளில் எம்1 ஏர் இருக்கிறது.

அதற்கு அடுத்து 2022ல் எம்2, 2024ல் எம்3, 2025ல் எம்4 என்று வரிசையாக வந்தன. எம்2 வந்தபோது ஆரம்ப விலை 1,19,900 ரூபாய்க்கு ஏறியது. எம்4ல் அது 99,900க்கு இறங்கியது, மாணவர்களுக்கு 89,900. மகன் இந்த விலையைச் சொல்லித்தான் வாதாடுகிறான்: "அக்கா வாங்கினப்போ குடுத்த காசுக்கும் கம்மிதாம்மா!" அது உண்மைதான்.

தராசில் வைத்தால்

கையில் எடுத்துப் பார்த்தால் எடையில் பெரிய மாற்றம் இல்லை. பழையது 1.29 கிலோ, புதியது 1.24 கிலோ. வித்தியாசம் ஒரு கோழிமுட்டை அளவு. பழையது ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கத்திபோல் மெலியும் வடிவம். தடித்த பக்கம் 1.61 சென்டிமீட்டர். புதியது எல்லாப் பக்கமும் ஒரே சீராக 1.13 சென்டிமீட்டர். பைக்குள் வைத்தால் இரண்டும் ஒன்றுதான்.

திரை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. 13.3 அங்குலம் 13.6 ஆகியிருக்கிறது. வெளிச்சம் 400 நிட்ஸிலிருந்து 500க்குப் போயிருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது தெரியும். அறைக்குள் டியூப்லைட்டில் படிப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. புதியதில் கேமராவுக்காகத் திரையின் மேல்விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

கேமராவில்தான் நல்ல மாற்றம். பழையது 720பி, மாலை நேரத்தில் வீடியோ காலில் பேசினால் முகம் மங்கலாகத் தெரியும். புதியது 12 மெகாபிக்சல். பேசுபவர் கொஞ்சம் நகர்ந்தாலும் அவரை நடுவில் வைத்துக் காட்டும். ஆன்லைன் நேர்முகத் தேர்வு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையோடு வாராவாரம் பேச்சு என்று இருக்கும் வீடுகளுக்கு இது பயன்படும். ஒலியும் கூடியிருக்கிறது; இரண்டு ஸ்பீக்கர் நான்காகியிருக்கிறது.

சார்ஜ் செய்யும் இடம் அடுத்தது. பழையதில் இரண்டு யூஎஸ்பி-சி துளைகள் மட்டுமே. சார்ஜர் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் ஒன்றுதான். புதியதில் சார்ஜருக்கென்றே காந்தத்தில் ஒட்டும் தனி இடம் இருக்கிறது; இரண்டு துளைகளும் காலியாக இருக்கும். குழந்தைகள் ஓடும் வீட்டில் வயரில் கால் தடுக்கினால், வயர் மட்டும் கழன்று விழும். லேப்டாப் மேசையிலேயே இருக்கும்.

இரண்டிலும் இல்லாதது ஒன்று உண்டு. பழைய பென் டிரைவ் செருகும் யூஎஸ்பி துளையும் இல்லை, புரொஜெக்டருக்கான எச்டிஎம்ஐ துளையும் இல்லை. கல்லூரியில் செமினார் எடுக்க வேண்டுமென்றால், எதை வாங்கினாலும் தனியாக ஓர் அடாப்டர் வாங்கியே ஆக வேண்டும்.

வெளியே பெரிய மானிட்டர் மாட்டுபவர்களுக்கு ஒரு தகவல். பழையது ஒரு மானிட்டரைத்தான் ஏற்கும். புதியது, தன் திரை திறந்திருக்கும்போதே இரண்டை ஏற்கும். வீட்டிலிருந்து அலுவலக வேலை செய்பவர்களில் சிலருக்கு இந்த ஒரு காரணமே போதும், மாற்றுவதற்கு.

தமிழில் எழுதுபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அஞ்சல், தமிழ் 99 விசைப்பலகைகள் இரண்டிலும் உள்ளுக்குள்ளேயே இருக்கின்றன. தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

வேகம்: காகிதத்திலும் கையிலும்

எம்1 சிப்பில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். எம்4ல் 2,800 கோடி. கணக்கிடும் மையங்கள் எட்டிலிருந்து பத்தாகியிருக்கின்றன. கீக்பெஞ்ச் 6 என்ற பரவலான வேகச் சோதனையில், ஒற்றை வேலையில் எம்1 சுமார் 2,300 மதிப்பெண் வாங்கும். எம்4 சுமார் 3,700. பல வேலைகளை ஒன்றாகக் கொடுத்தால் எம்1 சுமார் 8,300. எம்4 14,000க்கு மேல். 'இரண்டு மடங்கு வரை வேகம்' என்று ஆப்பிள் விளம்பரம் செய்வதில் பொய் இல்லை.

ஆனால் அந்த வேகம் எங்கே தெரியும்? ஒரு மணிநேரத் திருமண வீடியோவை வெட்டி ஒட்டி வெளியே எடுக்கும்போது தெரியும். பெரிய செயலியின் நிரலை முழுதாகத் தொகுக்கும்போது தெரியும். நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஒரே நேரத்தில் திருத்தும்போது தெரியும்.

வேர்டில் ஒரு கட்டுரை, எக்செல்லில் ஒரு கணக்கு, யூடியூபில் ஒரு பாடம், மின்னஞ்சல், பேங்க் வேலை, பைத்தானில் முதல் ஆண்டுப் பயிற்சிகள்... இவற்றில் தெரியாது. ஒரு பக்கம் அரை வினாடியில் திறப்பதற்கும் கால் வினாடியில் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கு எட்டாது. தெருமுனைக் கடைக்குப் போக எந்த வண்டியில் போனாலும் ஒரே நேரம்தான் ஆகும்.

சமையல் மேடையும் ஸ்டோர் ரூமும்

வேகத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதுதான் மெமரி. கடைக்காரர்கள் 'ரேம்' என்பார்கள்.

அடுப்படியில் சமையல் மேடை எப்படியோ, அப்படித்தான் ரேம். நறுக்கும் காய், கழுவிய அரிசி, அரைத்த மசாலா எல்லாம் மேடையில் இருந்தால் சமையல் வேகமாக நடக்கும். ஸ்டோரேஜ் என்பது ஸ்டோர் ரூம். மேடை சின்னதாக இருந்தால், ஒன்றை எடுத்து ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு இன்னொன்றைக் கொண்டுவர வேண்டும். அந்த நடைதான் தாமதம்.

பழைய ஏரின் ஆரம்ப மாடலில் ரேம் 8 ஜிபி. புதியதில் ஆரம்பமே 16 ஜிபி. மேடை இரண்டு மடங்கு. ஸ்டோர் ரூம் இரண்டிலும் 256 ஜிபியிலிருந்து தொடங்குகிறது.

8 ஜிபி இன்றைக்குப் போதுமா? சாதாரணப் படிப்புக்கும் வீட்டு வேலைக்கும் போதும். பிரௌசரில் முப்பது நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்து, வீடியோ காலும் பேசி, பக்கத்தில் நிரலும் எழுதினால் திணறும். ஆண்ட்ராய்டு செயலி எழுதும் மென்பொருளைத் திறந்து, அதில் ஒரு பொம்மை மொபைலையும் ஓடவிட்டால், நன்றாகவே திணறும்.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்த லேப்டாப்களில் ரேமையும் ஸ்டோரேஜையும் பின்னால் கூட்ட முடியாது. எல்லாம் உள்ளே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டவை. பழைய கம்ப்யூட்டரில் செய்ததுபோல் கடையில் கொடுத்து 'இன்னொரு ரேம் போடுங்கள்' என்று சொல்ல முடியாது. வாங்கும் நாளில் எடுத்த முடிவுதான் கடைசி நாள்வரை.

கையிலிருக்கும் பழைய ஏருக்கு 8 ஜிபி போதுமா என்று அறிய எளிய வழி உண்டு. அதிலேயே 'ஆக்டிவிட்டி மானிட்டர்' என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் மெமரி பகுதியைத் திறந்தால், கீழே ஒரு வரைபடம் ஓடும். தினமும் செய்யும் வேலைகளைச் செய்யும்போது அது பச்சையாக இருந்தால் போதும். அடிக்கடி மஞ்சளானால் இழுத்துப் பிடித்து ஓடுகிறது. சிவப்பானால் மேடை போதவில்லை.

பேட்டரி: தேய்மானம்தான் வித்தியாசம்

புதியதில் பேட்டரி அதிக நேரம் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆப்பிள் சொல்லும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்: இணையம் பார்த்தால் 15 மணிநேரம், வீடியோ பார்த்தால் 18 மணிநேரம். பேட்டரியின் கொள்ளளவு 49.9லிருந்து 53.8 வாட்-மணிக்குக் கூடியிருக்கிறது. அந்தக் கூடுதலைப் பெரிய, பிரகாசமான திரையும் வேகமான சிப்பும் எடுத்துக்கொள்கின்றன.

ஆனால் இது புதிதாக இருக்கும்போது உள்ள கணக்கு. நான்கரை ஆண்டு ஓடிய பேட்டரி தேய்ந்திருக்கும். ஏர் பேட்டரிகள் 1,000 முழுச் சுற்றுகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. அதுவரை முதலில் இருந்த திறனில் 80 சதவீதம் தங்கும் என்பது கணக்கு. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய், 'பேட்டரி ஹெல்த்' என்பதைத் தொட்டால் இப்போது எத்தனை சதவீதம் என்று காட்டும். 80க்குக் கீழே போயிருந்தாலோ, 'சர்வீஸ் ரெக்கமண்டட்' என்று காட்டினாலோ, பேட்டரியை மாற்றலாம். அதற்கான செலவு புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான். பேட்டரி மாற்றிய எம்1 ஏர், நேரக் கணக்கில் மறுபடியும் புதுசு மாதிரிதான்.

மே மாத வெயிலில்

இரண்டிலும் ஃபேன் கிடையாது. அது நல்லதுதான், தூசி உறிஞ்சாது, சத்தம் வராது. ஆனால் கனமான வேலையைத் தொடர்ந்து கொடுத்தால் சூட்டைத் தணிக்க சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஓடும் வேலையில் இரண்டும் சிறுத்தை. ஒரு மணிநேரம் ஓடும் வேலையில் இரண்டுமே மூச்சு வாங்கும். புதியது அப்போதும் முன்னால்தான் இருக்கும், ஆனால் விளம்பரத்தில் சொன்ன தூரத்தில் இருக்காது.

இந்த லேப்டாப்களைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் அறை வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. திருச்சி, வேலூர், மதுரை வெயிலில் மே மாதம் மொட்டை மாடி அறை இந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். மெத்தை மேல், தலையணை மேல் வைத்து வேலை செய்தால் சூடு போக வழியில்லை. மேசையில் வைத்து, மேலே ஃபேன் ஓடவிட்டாலே போதும். பேட்டரியின் ஆயுளும் கூடும்.

இன்னும் எத்தனை ஆண்டு?

பழைய லேப்டாப் ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருகிறதா என்பது இன்னொரு கேள்வி. பேங்க் வேலைகளைச் செய்யும் லேப்டாப்பில் இரண்டாவதுதான் முக்கியம்.

2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்த மேக்ஓஎஸ் டஹோ, எம்1 ஏரிலும் ஓடும். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு அதுவே கடைசிப் பதிப்பு என்றும் சொல்லிவிட்டார்கள். அதிலும் இன்டெல் ஏர்களுக்கு டஹோவே கிடையாது.

பழைய ஏர் வாங்க நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். 2020ல் இரண்டு மேக்புக் ஏர்கள் வந்தன. மார்ச்சில் வந்தது இன்டெல் சிப்போடு. நவம்பரில் வந்தது எம்1 சிப்போடு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. இடையில் எட்டு மாதம்தான். ஒன்றுக்குப் புதிய பதிப்பின் கதவு மூடிவிட்டது, மற்றதற்குத் திறந்திருக்கிறது. '2020 மாடல் சார்' என்று கடைக்காரர் சொன்னால் போதாது. ஆப்பிள் மெனுவில் 'அபௌட் திஸ் மேக்' திறந்து, 'சிப்: ஆப்பிள் எம்1' என்று இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

உதிரிப் பாகங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மாடலின் விநியோகத்தை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுக்கு ஆப்பிள் பழுதுபார்ப்பு கிடைக்கும். எம்1 ஏரை ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்தது 2024 மார்ச்சில். அந்தக் கணக்கில் 2029 வரை பயமில்லை. 2025ல் சேரும் மாணவனின் மூன்றாண்டுப் படிப்பு 2028ல் முடிந்துவிடும்.

அப்பாவின் மாதக் கணக்கு

அப்பா ஒரு பழைய டைரியை எடுத்துக் கணக்குப் போடுகிறார். 92,900 ரூபாய்க்கு வாங்கிய பழையது, 54 மாதம் ஓடியிருக்கிறது. மாதத்துக்கு சுமார் 1,720 ரூபாய். இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டினால் 78 மாதம்; மாதச் செலவு சுமார் 1,190க்கு இறங்கும்.

புதியதை மாணவர் விலையில் 89,900க்கு வாங்கி ஐந்து ஆண்டு ஓட்டினால், மாதத்துக்கு சுமார் 1,500. இதுவும் மோசமில்லை. ஆனால் பழையது வீட்டிலேயே சும்மா கிடக்கும்போது வாங்கினால், பழையதன் மிச்ச ஆயுளும் வீண். விற்கலாம், ஆனால் 8 ஜிபி, பேட்டரி தேய்ந்தது என்றால் கேட்கும் விலை மனதுக்குப் பிடிக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு லேப்டாப்பால் சூழலுக்கு ஏற்படும் கேட்டில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. நாம் செலவழிக்கும் மின்சாரத்தால் அல்ல. இருப்பதை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவது காசுக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது.

யாருக்கு எது?

பழைய எம்1 ஏர் கையில் இருப்பவர், படிப்பு, எழுத்து, கணக்கு, இணையம், பாடம், படம் என்று இருந்தால், மாற்ற வேண்டியதில்லை. பேட்டரியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

வீடியோ எடிட்டிங், புகைப்படத் தொழில், செயலி உருவாக்கம் என்று இருந்தால், அதுவும் கையிலிருப்பது 8 ஜிபி என்றால், எம்4 வாங்குவது வீண் செலவு இல்லை.

கையில் எதுவுமே இல்லாமல் புதிதாக வாங்குபவர், ஐந்தாறு ஆண்டு ஓட்ட வேண்டும் என்று நினைத்தால், புதியதே சரி. 16 ஜிபியும் நல்ல கேமராவும் அவ்வளவு நாள் கைகொடுக்கும்.

பொறியியல் சேரும் பிள்ளைகள், குறிப்பாக மெக்கானிக்கல், இரண்டையும் வாங்குவதற்கு முன் துறையில் விசாரிப்பது நல்லது. சாலிட்வொர்க்ஸ், கேட்டியா போன்ற மென்பொருட்களுக்கு மேக் பதிப்பே கிடையாது. ஒரு லட்சம் கொடுத்து வாங்கிவிட்டு, லேபில் நண்பனின் விண்டோஸ் லேப்டாப்பைக் கடன் கேட்டு நிற்கக்கூடாது.

பழையதை வெளியில் வாங்கினால்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, ஆன்லைனிலோ, தெரிந்தவரிடமோ பழைய ஏர் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. சிப் எம்1தானா, ரேம் எவ்வளவு என்று 'அபௌட் திஸ் மேக்'கில் பார்க்க வேண்டும்.

2. பேட்டரி ஹெல்த் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

3. விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, 'ஃபைண்ட் மை' வசதியை நம் கண்ணெதிரே அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைத்த பிறகு பழைய ஆளின் பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடும்.

4. அலுவலகங்களிலிருந்து வந்த லேப்டாப் என்றால் கூடுதல் கவனம். முழுதாகத் துடைத்துவிட்டு, இணையத்தோடு இணைத்து, முதல் நாள் அமைப்பு வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். 'இந்தக் கணினியை ஒரு நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் எதுவும் வந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

5. திரையை வெள்ளைப் பின்னணியில் பார்க்க வேண்டும். கீறல், கோடு, ஓரத்தில் கறுப்பு எதுவும் இருக்கக்கூடாது. கேமராவை மறைக்க ஒட்டும் பிளாஸ்டிக் மூடியோடு லேப்டாப்பை மூடினால் திரை விரிசல் விடக்கூடும். அப்படி மூட வேண்டாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. திரை மாற்றும் செலவு பழைய ஏரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

ஒரு வாரம் பார்க்கலாம்

திருச்சி வீட்டில் அக்காதான் வழி சொன்னாள். "ஒரு வாரம் இதை வச்சு உன் வேலை எல்லாத்தையும் செஞ்சு பாருடா. சிவப்பு வந்தா, நானே அப்பாகிட்ட உனக்காகப் பேசுறேன்."

தம்பி மனமில்லாமல்தான் எடுத்துக்கொண்டான். முதல் நாள் பைத்தான், சி பயிற்சிகள், பச்சை. இரண்டாம் நாள் பாட வீடியோக்கள், குறிப்புகள், பாட்டு, பச்சை. நான்காம் நாள் இருபது முப்பது பக்கங்களோடு நண்பர்களோடு வீடியோ கால், மஞ்சள். "முகம் என்னடா மங்கலா இருக்கு" என்றார்கள் நண்பர்கள். ஆறாம் நாள் ஆண்ட்ராய்டு மென்பொருளைப் போட்டுப் பார்த்தான், சிவப்பு. பேட்டரி ஹெல்த் 81 சதவீதம்.

ஏழாம் நாள் இரவு மறுபடி அதே சாப்பாட்டு நேரம். அவனே சொன்னான்: "மூணாவது வருஷ ப்ராஜெக்ட்டுக்குத்தான் பத்தாது. அதுவரைக்கும் ஓட்டலாம்."

அப்பா டைரியை மூடினார். பேட்டரி மாற்றுவது, ஓர் அடாப்டர் வாங்குவது என்று முடிவானது. சீட்டுப் பணம் என்னவாகும் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவே பேசினார்.

"அந்தப் பணத்தை உன் பேர்ல பேங்க்ல போட்டு வைக்கிறேன். மூணாவது வருஷம் நீயே கடைக்குப் போயி, நீயே பாத்து வாங்கு. அன்னைக்கு இதைவிட நல்லதாவும் வந்திருக்கும். அது யாரோட பழசும் இல்ல, உன்னோடது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அக்கா தன் புகைப்படங்களையும் கோப்புகளையும் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினாள். ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறினாள். லேப்டாப்பை முழுதாகத் துடைத்தாள். கடையிலிருந்து வந்த நாளில் கேட்டதுபோல், அது மறுபடியும் முதலிலிருந்து கேட்டது: எந்த மொழி, எந்த நாடு, என்ன பெயர்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள். தம்பி உட்கார்ந்து தன் பெயரை அடித்தான்.